தீப்பெட்டி வரி

தீப்பெட்டி வரி என்பது இந்தியாவில் தீப்பெட்டி உற்பத்தியின் மீது 1934 முதல் மத்திய அரசு வசூலித்துவரும் வரி. நீண்ட காலம் கலால் தீர்வையாக இருந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியில், அதாவது ஜிஎஸ்டியில், சேர்ந்துவிட்டது. அரசின் இன்றைய வருவாயில் இதன் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, குடியாத்தம் வட்டாரங்களில் ஒரு பட்டறை எவ்வளவு பெரிதாகலாம், எந்த வேலையை எந்திரத்திடம் விடலாம், தொழிலாளர் சட்டம் எந்த வாசல்வரை வரலாம் என்பதையெல்லாம் தொண்ணூறு ஆண்டுகளாக இந்த வரிதான் பெரிதும் முடிவுசெய்தது. சிறுதொழிலைக் காக்கவென்று போட்ட வரிச்சலுகை, அந்தத் தொழிலில் கூலிக்கு உட்கார்ந்தவர்களுக்கு என்ன செய்தது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் இந்திய வரி வரலாற்றில் அதிகம் கிடைக்காது.

முன்கதை

தீக்குச்சிக்கு வரி போடும் யோசனை இந்தியாவுக்கு முன்பே லண்டனில் எழுந்து, அங்கேயே ஒருமுறை தோற்றது. 1871-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ராபர்ட் லோ, நூறு குச்சி கொண்ட பெட்டிக்கு அரை பென்னி வரி என்று அறிவித்தார். ஏப்ரல் 24 அன்று கிழக்கு லண்டனின் போ பகுதியிலிருந்து தீப்பெட்டித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும், நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசாருடன் தள்ளுமுள்ளு நடந்தது. வரி உடனே கைவிடப்பட்டது. அந்த வெற்றியின் நினைவாக மறுஆண்டு போ சாலையில் ஒரு நீரூற்றே கட்டினார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1888-இல், அதே வட்டாரத்தில் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் அபராதப் பிடித்தத்தையும் அற்பக் கூலியையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, வரி நீங்கியதன் பலன் யார் பையில் தங்கியது என்பது ஊருக்குத் தெரிந்தது. அப்போது நிறுவனம் பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் லாப ஈவு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைப் பத்திரிகையில் போட்டு உடைத்தவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து அங்கேயே மறைந்த அதே அன்னி பெசன்ட்.

வரி தொழிலாளியின் உடம்பைக் காத்த ஒரு நிகழ்வும் உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்தவர்களின் தாடை எலும்பு அழுகியது. அதைத் தடைசெய்ய அமெரிக்க காங்கிரசுக்கு நேரடி அதிகாரம் இருப்பதாக யாருக்கும் உறுதியில்லாததால், 1912-இல் நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி போட்டார்கள். குச்சியின் விலையை விஞ்சிய வரி. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி சந்தையிலிருந்தே மறைந்தது. இந்தியா 1913-இல் நேரடியாகச் சட்டம் போட்டே அதைத் தடைசெய்தது.

சுங்கச்சுவரும் சிவகாசியும்

முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்தவை. பண நெருக்கடியில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசு 1921-இல் குரோசுக்கு 12 அணா இறக்குமதித் தீர்வை போட்டது. அடுத்த ஆண்டே அதை ஒன்றரை ரூபாயாக்கியது. குரோஸ் என்பது 144 பெட்டி. தீப்பெட்டித் தொழிலில் இன்றும் சிலருக்கு இந்தச் சொல்தான் கணக்கு மொழி. சரக்கின் விலைக்கு ஏறக்குறைய நிகரான இந்தத் தீர்வையின் நோக்கம் கஜானாவை நிரப்புவது மட்டுமே. ஆனால் அது எழுப்பிய சுவருக்கு உள்ளே இரண்டு வேறு வேறு உலகங்கள் குடிவந்தன.

ஒன்று, சிவகாசி. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் வேறு தொழில் தேடிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-இல் ஊரில் தொடங்கினார்கள். வாங்கிவந்த எந்திரங்கள் ஒத்துவரவில்லை, கைவேலைக்குத் திரும்பினார்கள். வறண்ட காற்று மருந்தைச் சீக்கிரம் உலர்த்தியது. விவசாயம் கைவிட்ட குடும்பங்களில் வேலைக்கு ஆள் இருந்தது.

மற்றொன்று, ஸ்வீடனின் ஐவார் குரூகர். ஐரோப்பாவில் கடன் கேட்ட அரசுகளுக்குப் பணம் கொடுத்து, பதிலுக்கு அந்நாட்டுத் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்கிய மனிதர். இந்தியாவில் அப்படி வாங்க முடியவில்லை. எனவே சுங்கச்சுவரைத் தாண்டி வந்து உள்ளேயே ஆலை போட்டார். 1923-இல் உருவான வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, பம்பாய்க்கு அருகே அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, அசாமில் துப்ரி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர் என்று பரவியது. அந்நியச் சரக்கைத் தடுத்த தீர்வை அந்நிய முதலாளியையே உள்ளே கூட்டிவந்ததை இந்தியத் தயாரிப்பாளர்கள் கசப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்வை வாரியம் விசாரித்தது. 1928-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்து, வருவாய்க்காகப் போட்ட தீர்வை தொழில் பாதுகாப்புத் தீர்வையாக மாறியது. விம்கோ மேல் தனிக் கடிவாளம் எதுவும் போடப்படவில்லை. சென்னை மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் என்று இன்றும் அறிவிப்பது அந்த ஆலையின் பெயரைத்தான்.

1934: எண்ணிக்கைக்கு வரி

உள்நாட்டில் தீப்பெட்டி பெருகப் பெருக இறக்குமதி குறைந்தது. சுங்க வருவாயும் வற்றியது. சணல் ஏற்றுமதித் தீர்வையில் பாதியை வங்கம் முதலிய மாகாணங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய நெருக்கடியும் சேர்ந்தது. நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் ஷுஸ்டர் 1934 பட்ஜெட்டில் சர்க்கரைக்கும் தீப்பெட்டிக்கும் ஒருசேரக் கலால் போட்டார். வரி பெட்டியில் உள்ள குச்சியின் எண்ணிக்கையைப் பார்த்து 40, 60, 80 என்று படிப்படியாக ஏறியது. வரி கட்டியதற்குச் சான்றாக அச்சடித்த காகிதப் பட்டையொன்றைப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். அதற்குப் பெயர் பேண்ட்ரோல். பேண்ட்ரோல் இல்லாத பெட்டி ஆலையைத் தாண்டக் கூடாது. முதலாளி சரக்கு விற்குமுன்பே பட்டைக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஒட்டும் வேலை பெண்களுடையது, குழந்தைகளுடையது. அதற்கும் எண்ணிக்கைக் கூலிதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பெட்டியில் 50 குச்சி என்றால் அந்த 50-ஐ எண்ணிப் போட்டவர் யாரும் இல்லை. பெட்டி அடைக்கும் பெண் காய்ந்த குச்சிகளை ஒரு பிடி அள்ளி, விரலால் தட்டி நேராக்கி, உள்பெட்டியில் வைத்து மூடுவார். அடுத்த பிடி. பழகிய கைக்கு எண்ணிக்கை தானாக அமைந்துவிடும். சட்டமும் இதை அறிந்தே, ஒவ்வொரு பெட்டியையும் பார்க்காமல் சராசரியை வைத்துக் கணக்கிட்டது. அரசு விதித்த வரியின் அளவுகோலாக இருந்தது கூலிக்கு உட்கார்ந்த ஒருத்தியின் உள்ளங்கை.

சலுகையின் வடிவம்

விடுதலைக்குப் பிறகு தீப்பெட்டி வரி, வருவாய்க் கருவி என்ற நிலையிலிருந்து கொள்கைக் கருவியாக மாறியது. பெரிய எந்திர ஆலையைக் கட்டுக்குள் வைத்து, கைத்தொழிலை வளர்க்க வேண்டும். வேலைவாய்ப்பு பெருக வேண்டும். காந்தியப் பொருளாதாரத்திலிருந்து வந்த இந்த எண்ணத்தைக் காங்கிரஸ் ஆட்சியும் ஏற்றது. 1977-இல் வந்த ஜனதா ஆட்சி இன்னும் அழுத்தமாக ஏற்றது. உற்பத்தி அளவைப் பார்த்து ஆலைகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். ஏ என்றால் நடைமுறையில் விம்கோ. நாளொன்றுக்கு 25 குரோசுக்குள் செய்யும் குடிசைப் பட்டறை டி. கீழே போகப்போக வரி குறையும்.

நோக்கத்தில் குறை காண முடியாது. சிவகாசியும் கோவில்பட்டியும் விம்கோவின் எந்திரத்தோடு மோதி நிலைத்ததே இந்த வரி இடைவெளியால்தான். 1920-களில் நாட்டின் தீப்பெட்டிச் சந்தையை ஆளப்போகிறது என்று தோன்றிய நிறுவனம் படிப்படியாகச் சிறுபங்குக்காரராகச் சுருங்கி, 2005-இல் ஐடிசி குழுமத்தின் கைக்குப் போனது. நாட்டின் தீப்பெட்டியில் சுமார் 90 சதவீதம் தமிழ்நாட்டில் ஆவதாகத் தொழில் அமைப்புகள் சொல்கின்றன.

ஆனால் உற்பத்தி அளவோடு வரியை முடிச்சுப் போட்டால் வளர்கிறவன் தண்டனை பெறுகிறான்; வளராததுபோல் காட்டுகிறவன் பிழைக்கிறான். நூறு குரோஸ் செய்ய வசதியுள்ள முதலாளி ஒரே கூரையின் கீழ் நூறு செய்ய மாட்டார். மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, கணக்குப்பிள்ளை பெயரில் ஒன்று என்று நாலு பட்டறை போடுவார். மருந்தும் லேபிளும் ஒரே இடத்திலிருந்து போகும். சரக்கு ஒரே வியாபாரியிடம் சேரும். காகிதத்தில் மட்டும் நாலு பேர். இது எவரும் அறியாத ரகசியமல்ல. அரசுக்கும் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும்.

1967-இல் கலால் துறை ஒரு புதிய கோடு கிழித்தது. ஆண்டுக்கு 7.5 கோடி குச்சிக்குள் செய்வதாக உறுதிமொழி கொடுக்கும் சிறு பட்டறைக்குச் சலுகை வீதம். பெட்டிக்கு 50 குச்சி என்றால் இது 15 லட்சம் பெட்டி, ஏறக்குறைய 10,400 குரோஸ். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வகுத்தால் நாளுக்கு 35 குரோஸ் அளவில் வரும். உறுதிமொழி கொடுக்கக் கடைசி நாள் 1967 செப்டம்பர் 4. பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் என்ற பட்டறை மறுநாள், செப்டம்பர் 5 அன்று, உரிமத்துக்கு விண்ணப்பித்தது. ஒரு நாளில் சலுகை போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பட்டறைக்குச் சாதகமாகி, உச்ச நீதிமன்றம் போய், 1974-இல் அரசு வென்றது. தேதி என்று ஒன்று வைத்தாக வேண்டும், அது கண்மூடித்தனமாக இல்லாதவரை நீதிமன்றம் தலையிடாது என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் வரி வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அத்தேதிக்குப் பின்னால் இருந்த காரணம் இங்கே முக்கியம்: கடைசி நாள் இல்லாவிட்டால் பெரிய பட்டறைகள் சலுகைக்காகத் தங்களைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளும் என்று அரசு அஞ்சியது. நோயைப் புரிந்துகொண்டுதான் மருந்து கொடுத்தார்கள். நோய் தீரவில்லை.

துண்டான பட்டறையில் தொழிலாளி

ஆலை துண்டானதால் வரி மட்டும் குறையவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் 10 தொழிலாளர், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 தொழிலாளர் என்ற எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்கியது. வரிக்காகச் சிறியதாக்கப்பட்ட பட்டறைகளில் பல தொழிலாளர் சட்டத்தின் கண்ணிலும் சிறியவையாகின. மின்சாரம் இல்லாமல் செய்தால் சலுகை என்றபோது சட்டத்தின் வாசற்படி இன்னும் உயர்ந்தது. வேலை நேரம், விடுப்பு, காயத்துக்கு இழப்பீடு எல்லாம் முதலாளியின் தயவைப் பொறுத்தவை.

இதே காலத்தில் திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் இருந்தது, சேமநல நிதி இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. வரி அதிகம் கட்டிய ஆலையில் தொழிலாளியின் நிலை மேல். வரிச்சலுகை வாங்கிய பட்டறையில் கீழ். சிறுதொழில் ஆதரவாளர்கள் இந்த ஒப்பீட்டை விரும்புவதில்லை. விம்கோவைப் போல நாலு ஆலை இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கக்கூடியவர் சில ஆயிரம் பேர். கரிசல் காட்டில் வேலை கிடைத்தது லட்சக்கணக்கானவர்களுக்கு என்பது அவர்கள் பதில். அதுவும் உண்மைதான். வேலையின் எண்ணிக்கையை உயர்த்திய அதே வரி வேலையின் தரத்துக்கு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை என்பதை இரு தரப்புமே தாண்டிப் போய்விடுகிறார்கள். சலுகை வாங்கும் பட்டறை இத்தனை குச்சிக்கு மேல் செய்யக் கூடாது என்று அறிவிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்லின. குச்சி செய்கிறவருக்கு இன்ன கூலி கொடுத்திருக்க வேண்டும் என்பதைச் சலுகையோடு சேர்த்து எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இடைவெளியில் நிரம்பியவர்கள் குழந்தைகள். கட்டை அடுக்குதல் என்ற வேலையில், பள்ளம் பள்ளமாக வெட்டிய பலகைக் கீற்றில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் படுக்க வைத்து, கீற்றின் மேல் கீற்றாக அடுக்கிச் சட்டத்தில் முடுக்க வேண்டும். ஒரு கீற்றில் சுமார் ஐம்பது குச்சி, ஒரு சட்டத்தில் சுமார் ஐம்பது கீற்று. சின்ன விரலுக்கு ஏற்ற வேலை என்று சொல்லிச் சொல்லியே அதை நியாயமாக்கினார்கள். விடியுமுன் ஆலை வண்டி கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவரும். தூக்கம் கலையாத குழந்தையைத் தாய் தூக்கி வண்டியில் விடுவாள். சலம் பென்னூர்கர் சிவகாசியைப் பற்றி 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்த வாழ்க்கையை வெளி உலகத்துக்குக் கொண்டுபோனது.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியையும் பட்டாசையும் தடைசெய்த தொழில்களில் சேர்த்தது. அதே ஆண்டு எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 10 தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. வழக்குகளும் பள்ளிக்கூடங்களும் சத்துணவும் வட்டாரத்தில் வேறு வேலைகள் வந்ததும் சேர்ந்து நிலைமையை மாற்றின. இன்று தீப்பெட்டி ஆலைக்குள் பார்த்தால் பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள்.

நாணயத்தின் கைதி

வரி ஏறினால் விலையை ஏற்று என்பது கடைக்காரப் பொருளாதாரம். தீப்பெட்டிக்கு அது பொருந்தாது. தீப்பெட்டியின் விலை நாணயத்தோடு கட்டப்பட்டது. 25 காசு, 50 காசு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நடுவில் படி இல்லை. 1995-இல் 25 காசிலிருந்து 50 காசாக ஏறிய பெட்டி 2007-இல் ஒரு ரூபாயானது. 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய். அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் கலால் வீதம் மாறியது, ஜிஎஸ்டி வந்தது, ஜிஎஸ்டி வீதமே திருத்தப்பட்டது, பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் மெழுகும் அட்டையும் விலை ஏறின. பெட்டியின் மேல் அச்சிட்ட ஒரு ரூபாய் மட்டும் அசையவில்லை.

அப்படியானால் ஏறிய வரி எங்கே போய் இறங்கும்? பெட்டிக்குள் குச்சி குறையும். 50 என்பது 40 ஆகி 36 ஆகும். குச்சி மெலியும். இரண்டும் எல்லையைத் தொட்ட பிறகு, முதலாளி நாணயக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இழுத்தடிக்கக்கூடியது எண்ணிக்கைக் கூலி ஒன்றுதான். கட்டைக்கு இவ்வளவு, பெட்டி அடைக்க இவ்வளவு என்று பைசாவில் பேசும் கூலியை ஏற்றாமல் வைப்பதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. வரிச்சுமை என்பதைப் பொருளியல் நூல்கள் வரைபடத்தில் காட்டும். சாத்தூரில் அது உயராத கூலியாகத் தெரிந்தது.

2021-இல் விலை உயர்வை அறிவித்தபோது உற்பத்தியாளர்களே சொன்ன கணக்கு இது: 600 பெட்டி கொண்ட பண்டல் ஆலை விலையில் 270 முதல் 300 ரூபாய், இனி 430 முதல் 480, ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் தனி. கடையில் ஒரு ரூபாய்க்குப் போன பெட்டிக்கு ஆலையில் அரை ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை. மருந்து, குச்சி, அட்டை, கூலி, லாபம் எல்லாம் அந்த அரை ரூபாய்க்குள். ஈடாக, 36 குச்சிப் பெட்டியை 50 ஆக்குவதாகவும் அறிவித்தார்கள்.

வரியை எதிர்த்துப் போராடும் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூலப்பொருள் விலை ஏறினாலும் வரி ஏறினாலும் உற்பத்தியாளர்கள் கையில் எடுப்பது கதவடைப்பு. கோரிக்கை மனுவில் லட்சம் பெண்களின் வாழ்வாதாரம் என்ற வரி தவறாமல் இருக்கும். அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவர்களும் அதே பெண்கள்தான். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

ஐந்து வேலைகள்

சலுகையை உற்பத்தி அளவோடு கட்டியது பட்டறைகளைத் துண்டாக்கியது என்றால், பிற்காலத்தில் அதை மின்சாரத்தோடு கட்டியது வேறொரு விளைவைக் கொடுத்தது. கையால் செய்த தீப்பெட்டி எது என்பதற்குக் கலால் அறிவிக்கைகள் ஐந்து வேலைகளைப் பட்டியலிட்டன: கட்டையில் குச்சி அடுக்குதல், மருந்தில் முக்குதல், பெட்டியில் குச்சி அடைத்தல், லேபிள் ஒட்டுதல், பண்டல் கட்டுதல். இவற்றில் எதுவும் மின்சாரத்தின் துணையால் நடக்கக் கூடாது. நடந்தால் அது கைத்தொழில் அல்ல.

வரிச் சட்டத்தில் இப்படிக் கைவேலையின் ஒவ்வொரு அசைவையும் பெயர் சொல்லி எழுதியது அபூர்வம். நாள் முழுக்கக் குனிந்து கட்டை அடுக்கும் பெண்ணின் முதுகுவலி கலால் அகராதியில் ஒரு தகுதியாகிவிட்டது. மருந்து முக்க ஒரு சிறு மோட்டார் வைத்தால் ஒருவருடைய மூச்சும் கையும் தப்பும். ஆனால் சரக்கு முழுவதும் மேல் வீதத்துக்குப் போய்விடும். எந்திரம் கைக்கு உதவியாக வரும் பாதையை வரி அடைத்தது. வந்தால் கையை முழுதாக நீக்கும் எந்திரமாக வரட்டும் என்று சொல்லாமல் சொன்னது.

கைத்தொழிலுக்கும் முழு எந்திர ஆலைக்கும் நடுவே நின்ற பகுதி எந்திர ஆலைகள் நெடுநாள் இழுபறிக்குப் பின் சற்று மூச்சு விட்டன. 2012 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி அவற்றின் கலாலை 10 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் ஏற்கெனவே ஆள் தட்டுப்பாடு பேச்சாக இருந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு பெண்கள் ஆலைக்கு வருவதில்லை என்பது முதலாளிகளின் நிரந்தரப் புகார். குனிந்து பெட்டி அடைப்பதைவிடக் கண்மாய்க் கரையில் மண் வெட்டுவது மேல் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், அது கூலியைப் பற்றிய கருத்துக்கணிப்பு என்று கொள்ளலாம்.

ஜிஎஸ்டிக்குப் பின்

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று பிரித்தார்கள். இடைவெளி 13 சதவீதப் புள்ளி. எந்திர ஆலைகள் கூச்சலிட்டன. கைத்தொழிலுக்கும் முழுப் பலன் கிட்டவில்லை. வாங்கும் குளோரேட்டுக்கும் மெழுகுக்கும் 18 சதவீதம் கட்டி, விற்கும் பெட்டிக்கு 5 சதவீதம் வசூலித்தால், மீதி வரவு அரசிடம் தேங்கும். அதைத் திரும்பப் பெறக் கணக்கர் வேண்டும், கணினி வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க முதல் வேண்டும். பத்துப் பெண்களை வைத்துப் பட்டறை நடத்துகிறவரிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை.

2020 மார்ச் 14 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே வீதமாக 12 சதவீதம் என்று முடிவு செய்தது. எந்திரத்துக்கு 18-இலிருந்து இறக்கம். கைக்கு 5-இலிருந்து ஏற்றம். 1934-க்குப் பிறகு வளர்ந்து வந்த வரி வேறுபாடு ஒரு கூட்டத்தில் முடிந்தது. அறிவிப்பு வந்த பத்து நாளில் நாடே ஊரடங்கில் அடங்கியதால் அதைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை.

பிறகு அரசியல் லைட்டரின் பக்கம் திரும்பியது. மலிவான பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று எத்தனையோ தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஒருமுறை பயன்படுத்தும் லைட்டரைத் தடைசெய்யக் கோரி மத்திய அரசுக்கு எழுதினார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், இத்தொழிலை நம்பியிருப்பதாகக் கடிதம் சொன்னது. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உதிரி பாகமாக வந்து இங்கே பொருத்தப்படுவதாகப் புகார் எழுந்து, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. 1922-இல் ஜப்பான் தீப்பெட்டிக்கு எதிராக எழுந்த சுவர் நூறு ஆண்டு கழித்து லைட்டருக்கு எதிராக மறுபடி எழுந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே ஒழிக்கப்பட்டு, தீப்பெட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியது. கைத்தொழில் பட்டறைகள் இழந்த வீதம் திரும்பக் கிடைத்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குச்சி தள்ளும் எந்திர ஆலைக்கும் அதே வீதம். கட்டை அடுக்குதல், முக்குதல், அடைத்தல், ஒட்டுதல், கட்டுதல் என்ற ஐந்து வேலைகளின் பெயரும் வரிப்பட்டியலில் இப்போது இல்லை.